தகர வேலி

பக்கவாதத்தில் விழுந்த அப்பா நடை பழகுவதற்காக, மானிப்பாய் வீட்டில் சிறு நீச்சல் குளம் கட்டினோம். மார்கழியில், குளத்தைச் சூடாக்கும் மெஷின் ஓடியும் தண்ணீர் குளிர்ந்தே கிடந்தது.

திருத்த வந்த நெட்டை மனிதர் எதையும் தொடுமுன் உள்ளங்கையை நீட்டிக் காற்றைப் பார்ப்பார். மெஷினைச் சுற்றி அம்மா அடைத்திருந்த தகர வேலிக்குள்ளும் நீட்டினார். எங்கள் ஊரில் வேலியில்லாமல் எதுதான் இருக்கிறது?

“அம்மா, உது காத்திலையிருந்துதான் சூட்டை எடுக்குது. அடைச்சு வைச்சால், விட்ட குளிர்காத்தையே திருப்பி இழுக்கும்.”

“கள்ளர் தூக்கிக்கொண்டு போனால், தம்பி?”

“நிலத்தோடை இறுக்கிவிடுறன்.”

வேலியைக் கழற்றினார். மறுநாள் கூப்பிடாமலே வந்து, வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இறங்கி, அப்பாவுக்கு முன்னால் அதே உள்ளங்கையை நீட்டினார். அப்பா பிடித்துக்கொண்டு நடந்தார்.

இப்போது அப்பா தனியே நடக்கிறார். வாசல் படலைச் சத்தம் கேட்டால், அந்த நெட்டை மனிதரோ என்று முதலில் எழுந்து போவதும் அப்பாதான்.