துடைத்த இறக்கை

கூடத்தில் இருந்தவர்கள்: நான். மனைவி. மகள். மகள் கட்டிக்கொள்ள விரும்பும் பையன். அவன் அப்பா, அம்மா. ஹனூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து மைசூருக்கு வந்திருந்தார்கள்.

அவர்கள் வேறு சாதி. எங்களைவிடக் கீழ் என்று ஊரில் சொல்வார்கள். பரவாயில்லை, வரச் சொல்லு என்று மகளிடம் சொன்னவன் நான்தான்.

டிவி பக்கத்தில் நான் செய்த விமானம் இருந்தது. பழைய டகோட்டா, ஒரு முழ நீளம். எனக்கு ஏசி டக்ட் மாட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இது. பிளாஸ்டிக் விமானத்தின் மேல் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, மூங்கில் குச்சியால் தேய்க்க வேண்டும். நிஜத் தகடு மாதிரி ஆகிவிடும். ஒரே பயம், விரல். வியர்வை பட்ட இடம் மங்கிப்போகும்.

பையனின் அப்பா அதைக் கையில் எடுத்தார்.

"அட, நெசப் பிளேனாட்டமே இருக்குதுங்களே! பறக்குமுங்களா? பறந்துச்சுன்னா பசங்கள இதுலயே ஏத்தி உட்ரலாம். மண்டபச் செலவு மிச்சம்."

எல்லோரும் சிரித்தோம். அவர் கீழே வைத்தார். நான் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து, அவர் கட்டை விரல் பட்ட இடத்தைத் துடைத்தேன். அவர் முன்னாலேயே.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கேசரி வந்தது. எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அவர் தட்டைத் தொடவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று எழுந்தார்.

கோபம் வந்தால் மகளுக்குக் கன்னடம்தான் வரும். அவர்கள் கிளம்பியதும் "யாக்கப்பா?" என்றாள். ஏன் அப்பா என்று. அழுதாள்.

"தாள் மங்கிரும்னுதான்."

மனைவி கேட்டாள். "எந்தம்பி தூக்கிப் பாத்தானே, அன்னிக்கி?"

அன்றும் துடைத்தேன். அவன் போன பிறகு.

அடுத்த ஞாயிறு விமானத்தைப் பெரிய அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். விரல் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பிடிங்களா. முன்னயே சொல்லியிருந்தீங்கன்னா தொட்டிருக்க மாட்டனுங்களே."

பெட்டியைத் திறந்து நீட்டினேன். "எடுத்துப் பாருங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கண்ணுல பாக்கறனுங்க, போதும். கல்யாணம் பசங்க இஷ்டம். நான் குறுக்க நிக்கல. மண்டபத்துக்கு வருவனுங்க. உங்க வூட்டுக்கு வேண்டாம்."

டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

வீட்டுக்கு வந்து விமானத்தை வெளியே எடுத்தபோது இறக்கையின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. அன்று அவர் பிடித்த இடம். மேலே மட்டும்தான் துடைத்திருக்கிறேன். அடியில் விரல் தடங்கள் அப்படியே மங்கிப் பதிந்திருந்தன. பஞ்சு பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

எண்ணினேன். நான்கு.