காயாத பொட்டு

கல்வராயன் மலையில் ஒரு செல்போன் டவருக்கு மின்சாரம் தர, ஹைட்ரஜன் ஃபியூயல் செல் ஒன்றை வைத்திருந்தோம். ஒரு பீரோ அளவு பெட்டி. அதற்குள் மெல்லிய கண்ணாடிச் சவ்வு. புரோட்டான்கள் அந்தச் சவ்வைக் கடந்தால்தான் மின்சாரம் வரும். கண்ணாடியில் உள்ள ஈரம் காய்ந்தால் கடக்காது. அது காயாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. என்ன செய்தும் சூட்டில் காய்ந்துகொண்டே இருந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் போனால், காற்று நுழையும் துளைகளின் மேல் மூன்று சந்தனப் பொட்டுகள் அப்பியிருந்தன. அங்கிருந்த காவல்காரரிடம் எகிறினேன்.

"இன்னா சார், மிஷினுக்குப் பொட்டு வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

வழித்துத் துடைத்தேன். சற்று நேரத்தில் திரையில் மின்னழுத்தம் இறங்கியது. ஈரச் சந்தனத்தைத் தொட்டுப் போன காற்றுதான் கண்ணாடியைக் காப்பாற்றியிருக்கிறது. புரிந்தும் வீம்பு விடவில்லை. அவரைச் சொந்த ஊரான நைனார்பாளையத்துக்கு லீவில் அனுப்பினேன். பெட்டி இருந்த கொட்டகையைப் பூட்டி, இருந்த ஒரே சாவியோடு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை திறந்தபோது மின்னழுத்தம் ஏறியிருந்தது. அதே இடத்தில் மூன்று பொட்டுகள்.

போன் போட்டேன். நான் வாய் திறப்பதற்குள், "வூட்லதான் இருக்கேன் சார்," என்றார். "இந்த வாட்டி தொடச்சிடாதீங்க."

ஈரப்பதம் கூடியதால் செயல்திறன் கூடியது என்று அறிக்கை எழுதினேன். பொய்யில்லை. அதற்குப் பிறகு நான் துடைக்கவில்லை. மாதங்கள் ஆகிவிட்டன. பொட்டு இன்னும் காயவில்லை.