அக்கா கேட்ட வாய்தா

போன ஞாயிற்றுக்கிழமை புத்தூருக்குப் போயிருந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை! புத்தூர் என்றதும் நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். என் அக்கா அந்த ஊரில் இருக்கிறாள். அவளைப் பார்த்து வெகு நாளாயிற்று.

ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். பேசிக்கொண்டே நடந்து அவளுடைய வாடகை வீட்டுக்குப் போனோம். வாசலில் அக்கா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தாள். அவளைப் பார்த்து நானும் குனிந்தேன். உள்ளே போய்த் திரும்பிப் பார்க்கிறேன்... நிலை என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது!

"எதுக்குக்கா குனிஞ்சே?"

"குனிஞ்சேனா?" என்று கேட்டாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. அதே தெருவில், நான்கு வீடு தள்ளி இருக்கிறதே — அவளுடைய சொந்த வீடு — அதற்குத்தான் நிலை குட்டை. கல்யாணமாகிப் போன புதிதில் அவள் நெற்றியில் குங்குமத்துக்கு மேலே எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும். மாமா, அதாவது அக்காவின் புருஷர், நிலையை உயர்த்தி வைத்துவிடலாம் என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். அக்காதான் விடவில்லை. "வரவங்க குனிஞ்சி வரட்டுமே, இன்னா இப்போ?" என்பாள். அவ்வளவு கர்வம் அந்த வீட்டின் மேல்.

அந்த வீடு ஏலத்தில் போய்விட்டது. போனது ஒரே ஒரு வார்த்தையால். 'போன வாரம் காப்பிக்கொட்டை வறுப்பதைப் பற்றி எழுதினவன் இந்த வாரம் அடமானச் சட்டம் பேசலாமா?' என்று சில வாசகர்கள் எழுதுவீர்கள். எழுதுங்கள். அக்காளுக்குத் தம்பியாகப் பிறந்தவன் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

மாமா திருப்பதியில் சோடா கம்பெனி வைத்தார். மலை ஏறி இறங்குகிற ஜனத்துக்குத் தாகம் எடுக்காமல் இருக்குமா? யோசனை நல்ல யோசனைதான். மெஷின் வாங்க வீட்டின் பேரில் கடன். சித்தூரில் அப்படிக் கடன் கொடுக்கும் ஒரு சங்கம் இருந்தது. பெயர் வேண்டாம். சில வருஷம் தவணை தவறாமல் கட்டினார்கள். அப்புறம் ஒரு நாள் மாமா சோடாப் பெட்டியோடு படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். புத்தூர்க்காரர் என்பதால் கட்டுப் போட ஊரில் ஆள் இருந்தது. தவணை கட்டத்தான் ஆள் இல்லை.

அக்கா தானே பஸ் ஏறி சித்தூருக்குப் போனாள். கொஞ்சம் அவகாசம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது ஆந்திர ராஜ்யம் பிரிந்த சமயம். அந்த ஆபீஸில் முன்பெல்லாம் பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேச்சு நடக்கும். இப்போது கோதாவரிப் பக்கத்திலிருந்து ஒரு புது குமாஸ்தா வந்திருந்தார். நல்ல மனுஷர் என்றுதான் அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். உட்காரச் சொன்னார். அக்கா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "வாயிதா பதிஹேனோ தாரீகு அம்மா."

அக்காவுக்கு உயிர் வந்தது. பதினைந்தாம் தேதிக்கு வாய்தா! கோர்ட்டில் கேஸைத் தள்ளி வைப்பார்களே, அந்த வாய்தா. ஊரில் யாருக்குத் தெரியாத வார்த்தை? கையெடுத்துக் கும்பிட்டாள். அதோடு விட்டாளா... நேரே காணிப்பாக்கம் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். குமாஸ்தா பேரைச் சொல்லியும் ஒன்று உடைத்தாள்!

அவர் சொன்னது வேறு. தெலுங்கில் தவணைக்கும் வாயிதா என்றுதான் பெயர். பதினைந்தாம் தேதிதான் தவணை கட்டக் கடைசி நாள், அதற்குள் பணம் வர வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்கா தெலுங்கு தெரியாதவள் இல்லை. சந்தையில் தெலுங்கிலேயே சண்டை போடுவாள். தெரியாத வார்த்தையாக இருந்திருந்தால் கேட்டிருப்பாள். தெரிந்த வார்த்தை... அதுதான் ஆளைக் கவிழ்த்துவிட்டது.

பதினைந்தாம் தேதி மறுபடி போய் நின்றாள்.

"டப்பு ஏதம்மா?" என்று பணத்தைக் கேட்டார் குமாஸ்தா.

"டப்பா? நீங்கதானே சாமி வாய்தா குடுத்தீங்க?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தாராம். குமாஸ்தா சிரிக்கவில்லையாம்.

மறுநாளே கை வளையலைக் கழற்றி விற்றுப் பணத்தோடு ஓடினாள். பயன் இல்லை. கெடு தாண்டிவிட்டால் தவணையை மட்டும் வாங்கமாட்டார்களாம். மொத்தக் கடனையும் ஒரே தடவையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏலம். அப்படித்தான் பத்திரத்தில் இருக்கிறதாம்.

"தவணைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே வளையலை வித்துக் கட்டியிருப்பேனே தம்பி" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாது. கோபம் மட்டும் வரும்.

வாங்கினவனைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. கடன் கொடுத்தவனும் பிழைக்க வேண்டும். ஆனால் கால் முறிந்தவன் எழுந்து நடக்கும் வரையில் பொறுத்தால் எந்தச் சங்கம் மூழ்கிப்போகும்? வீட்டை எடுப்பதற்கு முன்னால் ஒரு ஆள் அந்த வீட்டுக்கே வந்து, வீட்டுக்காரியின் பாஷையில், 'அம்மா, இந்தத் தேதிக்குள் கட்டாவிட்டால் வீடு போய்விடும்' என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? ஏலம் போட்ட பிறகும் சில காலம், பணம் கொண்டுவந்தால் மீட்டுக்கொள் என்று கதவைத் திறந்து வைக்கக் கூடாதா? சட்டசபையில் உட்கார்ந்திருப்பவர்கள் — இந்த ராஜ்யமோ அந்த ராஜ்யமோ — இதையெல்லாம் எழுதி வைக்க ஒரு மத்தியானம் போதும்.

அவர்களுக்கு எங்கே ஒழிகிறது? எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எந்த ஊர் யாருக்கு என்று இரண்டு சர்க்கார்களும் வருஷக்கணக்கில் பேசின. பேச்சு முடியவில்லையா, தள்ளி வை. மத்தியஸ்தர் வரட்டும், மறுபடி தள்ளி வை. சர்க்காருக்கு எத்தனை வாய்தா வேண்டுமானாலும் உண்டு. என் அக்காவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து. எல்லை தீர்மானமாகி ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தால், பழைய ஏலமெல்லாம் செல்லாது, வீடுகள் திரும்பக் கிடைக்கும் என்று யாரோ புத்தூரில் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அக்கா அதை நம்பினாள். எனக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம். 'மெட்ராஸ்ல இன்னா பேசிக்கிறாங்க, விசாரிச்சு எழுது.' நான் விசாரிக்கவே இல்லை. அது பொய் என்று எழுதவும் மனம் வரவில்லை.

கடைசியில் திருத்தணிப் பக்கம் இங்கே வந்தது. புத்தூர் அங்கேயே நின்றது. திருத்தணி கிடைத்ததற்கு என் தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன், தின்ன முடியவில்லை. நான்கு வீடு தள்ளி இருக்கிற வீட்டுக்காக, ராஜ்யமே நகர்ந்து வரட்டும் என்று ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாளே... அவள் நினைப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பினேன். ஸ்டேஷனுக்கு அந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையில் பேச்சு சுவாரஸ்யத்தில் நான் கவனிக்கவில்லை. இப்போது பார்த்தேன். ஏலத்தில் எடுத்தவர்கள் நிலையைப் பெயர்த்து உயர்த்தி வைத்திருக்கிறார்கள். பச்சை வர்ணம் அடித்த புதுக் கதவு. யாரும் குனிய வேண்டியதில்லை.

அக்கா நின்றுவிட்டாள். அவள் கை தானாக நெற்றிக்குப் போனது.

"அவங்களும் நல்லவங்கதான் தம்பி. நல்ல நாள்ல கூப்பிட்டு வெத்தலபாக்கு குடுக்கறாங்க. நான்தான் உள்ள போறதில்ல."

"எத்தனை நாளைக்குக்கா இப்படியே நெனச்சுக்கிட்டு இருப்பே?" என்றேன்.

அக்கா சிரித்தாள்.

"வீட்டை அன்னிக்கே காலி பண்ணிட்டேன். மனசுதான் வாய்தா கேட்டுக்கினே கீது."

எந்த பாஷை வாய்தா என்று நான் கேட்கவில்லை.