கத்தரியில் மாவுப்பூச்சி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பீர்க்கன்கரணையில் வீடு கட்டிக் குடிவந்த புதிது. தினமும் தாம்பரத்தில் ரயில் பிடித்து வேலைக்குப் போய்வந்த மனிதர், கூடத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பேச்சு மெல்லத் திரும்பியது. யாரிடமும் பேசத்தான் பிடிக்கவில்லை.

“இடது கைக்காவது ஏதாச்சும் வேலை குடுங்க மேடம்,” என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். கொல்லையில் கத்தரியும் வெண்டையும் நட்டேன். முதலில் வாசற்படியில் நின்று பார்த்தவர், பிறகு தானே இறங்கி வந்து தண்ணீர் ஊற்றினார். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். “மருந்து நான் முழுங்கறதே போதும். செடிக்கு வேணாம்.”

வெண்டையில் அசுவினிப் பூச்சி அப்பியது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை அரைத்து வடிகட்டிக் கொடுத்தேன். இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் ஊற்றி அவரே அடித்தார். சில நாளில் பூச்சி உதிர்ந்தது. அந்த வாரம் வெண்டைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அடுத்த கோடையில் மாவுப்பூச்சி வந்தது. பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தது, மதிலைத் தாண்டி எங்கள் கத்தரிக்கு வந்துவிட்டது. வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து தெளித்தோம். பூச்சியின் மேலிருந்த மெழுகுப் படலத்தில் எதுவும் ஒட்டவில்லை. பிறகு அவர் துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைக்கத் தொடங்கினார். செயலற்ற வலது மணிக்கட்டின்மேல் இலையைச் சாய்த்துக்கொண்டு இடது கையால் துடைப்பார். எறும்புகள் பூச்சியைச் சுமந்து ஏற்றின. தண்டைச் சுற்றிச் சாம்பல் போட்டேன். இரண்டு நாளில் மறுபடியும் வெள்ளை.

பக்கத்து வீட்டில் போய்க் கேட்டேன். “அக்கா, அந்தச் செம்பருத்தியைக் கொஞ்சம் வெட்டிவிட முடியுமா? அதுலேர்ந்துதான் வருது.”

“பூஜைக்கு அந்தப் பூதான்மா. நீ ஏன் இப்படிக் கஷ்டப்படறே? கடையில மருந்து விக்குது. ஒரு தடவை ஸ்ப்ரே பண்ணா க்ளீனாப் போயிடும்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அலுத்திருந்தது. அன்று மாலை அவரிடம், “ஒரே ஒரு தடவை அடிச்சுடலாங்க,” என்றேன்.

துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். “அப்ப இவ்ளோ நாள் நான் பண்ணது எதுக்கு?”

அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியில் வேறு தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

சில நாள் கழித்து நான் பாடம் நடத்தும் பள்ளியிலிருந்து திரும்பியபோது கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. எல்லாச் செடிகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டு நடுவில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். பிஞ்சுவிட்ட செடிகளும் அதில் கிடந்தன. இடது உள்ளங்கை முள் கீறி ரத்தமாக இருந்தது.

“துடைக்கத் துடைக்க வருது,” என்றார். “என்னால முடியல.”

குளியலறையில் விழுந்து நெற்றி கிழிந்த அன்றுகூட அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நான் அவர் கையைக் கழுவிவிட்டேன். செடிகளை மூலையில் குவித்துக் கொளுத்தினேன். அதன்பின் அவர் கொல்லைக்கு இறங்கவில்லை. பயிற்சியாளரையும் வர வேண்டாம் என்றுவிட்டார். கெஞ்சினேன், கோபப்பட்டேன், அழுதேன். எதற்கும் முகம் மாறவில்லை.

ஓரிரு வருஷம் போனபின் செய்தித்தாளில் ஒரு செய்தி வந்தது. இந்தப் பூச்சி ஊருக்கே புதிதாம். அதைத் தின்று அழிக்கும் கண்ணுக்கே தெரியாத ஒரு குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்களாம், பூச்சி குறைகிறதாம். எட்டிப் பார்த்தேன், பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளையைக் காணோம். ஓடிவந்து அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன்.

“நாம செஞ்சது தப்பில்லைங்க. அதுக்கு எதிரி இங்க இல்ல, அவ்ளோதான். மறுபடி கத்தரி வைக்கலாமா?”

“நீ வை,” என்று சொல்லி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் வைக்கவில்லை.