சத்தம் போடாத மிஷின்

தரம் பார்க்கிற வேலையில் நல்ல செய்தி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்; இதே வேலையில் தேய்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லட்டு

தூத்துக்குடியில் உப்பை பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். பாக்கெட்டுக்குள் இரும்புத் துணுக்கு இருந்தால் ஒரு மிஷின் கத்தும், பெல்ட் நின்றுவிடும். நின்றால் உற்பத்தி குறையும். அதனால் மேனேஜர், குறைவாக நிற்கும் லைனுக்கு மாதாமாதம் லட்டு என்று அறிவித்தார். அந்த மாதமே இரண்டாவது லைன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. உப்பு சலிக்கும் கம்பி வலையோ பழசு, அங்கங்கே பிய்ந்திருந்தது. எனக்கு லட்டு இறங்கவில்லை. லைன் சூப்பர்வைசர் செல்வின் சிரித்தான்: “அண்ணாச்சிக்கு நல்லது நடந்தாலே ஆகாது.”

சாவி

மறுநாள் அவன் டீ குடிக்கப் போன நேரம், என் வீட்டுச் சாவியை ஒரு பாக்கெட்டில் போட்டு பெல்ட்டில் விட்டேன். மனைவி போன பிறகு கதவு திறந்துவிட ஆளில்லாததால் அது எப்போதும் என் சட்டைப் பையில்தான் கிடக்கும். மிஷின் கத்தவில்லை; பாக்கெட் அதைத் தாண்டிச் சமர்த்தாக வந்து விழுந்தது. எவ்வளவு சின்ன இரும்புக்கு மிஷின் கத்த வேண்டும் என்று வைக்கிற குமிழை யாரோ அடிமட்டத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்: “ஏன் அண்ணாச்சி, மிஷினும் லட்டு தின்னுட்டோ?”

கப்பல்

அந்த மாதச் சரக்கு துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தது. திருப்பிக் கொண்டுவந்தால் கப்பலை விட்டுவிடுவோம். வாங்குகிறவர் வேறு கம்பெனியைப் பார்த்தால் பேச்சியம்மாளின் லைனையே மூடிவிடுவார்கள். சரக்கை அப்படியே ஏற்றிவிட்டாலோ, யார் வீட்டுச் சோற்றிலோ கம்பி. “யாரும் குறை சொல்லலையே” என்றார் மேனேஜர். குடோனில் மிச்சமிருந்த இரண்டாவது லைன் பாக்கெட்டுகளை முதல் லைன் மிஷினில் விட்டேன். அலறியது. உள்ளே கிடந்த வலைக் கம்பியை அவர் மேஜையில் வைத்தேன். சரக்கைத் திருப்பிக் கொண்டுவர லாரியை அனுப்பினார். வாங்குகிறவர் கத்தினார், ஆனால் அடுத்த கப்பல்வரை பொறுத்துக்கொண்டார். பேச்சியம்மாள் சொன்னாள்: “வேல போச்சுன்னு உங்களத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி.”

மறுபடியும் லட்டு

மேனேஜர் அறிவிப்பை மாற்றினார்: அதிகம் இரும்பு பிடிக்கும் லைனுக்கு லட்டு. வலையும் புதிதாக மாட்டியாயிற்று. ஆனாலும் இரண்டாவது லைன் மிஷின் ஓயாமல் கத்தியது. எடுத்துப் பார்த்தால் அத்தனையும் கொண்டை ஊசி. உள்ளே கொண்டை ஊசி கொண்டுவரவே கூடாது. பேச்சியம்மாள் தட்டை நீட்டினாள்: “இப்பமாவது ஒண்ணு தின்னுங்க அண்ணாச்சி, மிஷின் தொண்ட கிழியக் கத்திச் சம்பாரிச்சது.”

லட்டு இருக்கிற பக்கம்தான் தரமும் நகரும் என்று தெரிந்துவிட்டதால், இன்றைக்கும் உப்பு பாக்கெட்டைப் பிரித்தால் தட்டில் கொட்டித் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் குழம்பில் போடுகிறேன்.