பிரம்பு இறக்கையும் ஒரு சம்மனும்

முப்பதுகளின் நடுப்பகுதியில் கோலாலம்பூரில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடை முதலாளியிடம் மோட்டார் டிரைவராக இருந்தேன். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட முஸ்லிம் அவர். வாரத்தில் ஒருநாள் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போய், சுற்றியிருந்த தோட்டங்களில் இறக்கிவிட்டு வருவேன். வழியெல்லாம் ரப்பர் மரங்கள். பால் புளித்த வாடை மோட்டாருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிரே ஒரு மாட்டு வண்டி, அப்புறம் வெகுதூரத்துக்கு யாருமே இருக்க மாட்டார்கள். நான் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அப்போதும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காரும்போதெல்லாம் ஏதோ பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும் எனக்கு.

அந்தக் காலத்தில் சந்திகளில் சிக்னல் விளக்குக் கம்பம் கிடையாது. போலீஸ்காரர்தான் நடுவில் நிற்பார். நாங்கள் அவரை மாத்தா என்போம். அவர் முதுகில் பிரம்பால் பின்னிய நீளமான தட்டி ஒன்றைக் குறுக்காகக் கட்டியிருப்பார்கள். இரண்டு தோளுக்கும் வெளியே இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அவர் நமக்கு முதுகையோ மார்பையோ காட்டி நின்றால் இறக்கை குறுக்கே தெரியும். அப்படியென்றால் நிற்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பிவிட்டால் இறக்கை நம் கண்ணுக்குத் தெரியாது. போகலாம். நாள் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்க முடியுமா? அதற்காக எந்தத் துரையோ யோசித்துச் செய்த ஏற்பாடு. இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. கிள்ளானுக்குப் புறப்படும் முன் டவுனில் ஒரு மூட்டையை ஏற்ற வேண்டியிருந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஒரு சந்திக்கு வந்தேன். நடுவில் மாத்தா நின்றிருந்தார். தூறலில் அவர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்று சரியாகத் தெரியவில்லை; தோளுக்கு வெளியே இறக்கை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. போகலாம் என்று போனேன். வலது பக்கத்திலிருந்து ஒரு ரிக்‌ஷா ஓடிவந்தது. அதை இழுத்து வந்த சீனர் என் மோட்டாரைப் பார்த்துப் பதறி வண்டியைச் சட்டென்று திருப்பினார். ரிக்‌ஷா சாய்ந்து, அவரோடு சேர்ந்து கால்வாயில் விழுந்தது. நல்லவேளை, அதில் யாரும் ஏறியிருக்கவில்லை.

நான் நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் மாத்தா விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். நடு வயது மலாய்க்காரர். ஒரு கையைத் தோளுக்குப் பின்னால் வைத்து இறக்கையைப் பிடித்தபடி ஓடிவந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "நிறுத்தச் சொன்னேனே, ஏன் வந்தே?" என்று மலாயில் கத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சீனரைத் தூக்கி என் மோட்டாரில் உட்காரவைத்தோம். கணுக்கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சில நாளில் சம்மன் வந்தது. சிக்னலை மதிக்காமல் கவனமின்றி ஓட்டியதாகக் குற்றம். லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். முதலாளி நல்லவர்தான். ஆனாலும் உள்ளதைச் சொன்னார்.

"அபராதம்னா நான் கட்டிடறேன் தம்பி. ஒத்துக்கிட்டு, மன்னிச்சுக்குங்க துரைன்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடு. எதுத்துப் பேசி லைசென்ஸு போச்சுன்னா, நான் வேற ஆளத்தான் பாக்கணும். மனசுல வச்சுக்காதே."

லைசென்ஸ் போனால் மறுபடி தோட்டம்தான். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சீனர் கால் வீங்கிப் படுத்திருந்தது நிஜம். மாத்தா பொய் சொல்கிறவர் மாதிரியும் தெரியவில்லை. அப்படியானால் தப்பு என்னுடையதா?

மறுநாள் காலையில் என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். அவள் கையை எடுக்காமலே கேட்டாள்.

"ரெக்கையப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாக்கல."

"அது இருந்தும் நீங்க பாக்கலையா, இல்லாததால பாக்கலையா?"

அவளே தொடர்ந்து சொன்னாள்: "அப்ப போய்க் கேளுங்க. அந்த ரெக்கையக் காட்டச் சொல்லுங்க. தப்பு உங்க மேலேன்னா பேசாம ஒத்துக்குங்க. தெரியாமலே எதுக்கு ஒத்துக்கணும்?"

கோர்ட்டுக்குப் போனேன். கோட்டுப் போட்ட வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் மேலே உட்கார்ந்திருந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"துரை கேக்கறாரு. குத்தத்த ஒத்துக்கிறியா, இல்லையா?"

"இல்லீங்க."

"அப்ப விசாரணைதான். வக்கீல் இருக்காரா?"

"இல்லீங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னிக்கு அந்த மாத்தா முதுகுல கட்டியிருந்த ரெக்கைய, விசாரணைக்கு முன்னாடி நான் பாக்கணும்."

அவர் அதை இங்கிலீஷில் சொன்னதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பேனாவால் ஏதோ எழுதினார். போலீஸ் தரப்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "பாக்கலாம்கிறாரு. ஸ்டேஷனுக்குப் போ" என்றார் தமிழ் சொன்னவர்.

ஸ்டேஷனில் சார்ஜன் என்னை வெகுநேரம் நிற்கவைத்தார். அப்புறம் ஓர் இறக்கையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். எடுத்துப் பார்த்தேன். பிரம்பு நன்றாகத்தான் இருந்தது. தோளில் மாட்டும் தோல் வார் இரண்டும் கெட்டியாக, எண்ணெய் மினுமினுப்போடு இருந்தன. இழுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இப்படிப்பட்ட இறக்கை முதுகில் இருந்தும் நான் பார்க்காமல் போயிருக்கிறேன் என்றால், அந்தச் சீனரின் காலை உடைக்கப் பார்த்தது நான்தான். ஒத்துக்கொள்வது என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

"பார்த்தாச்சா?" என்றார் சார்ஜன்.

"பார்த்துட்டேன்."

அப்போதுதான் கதவோரம் நின்றிருந்த அந்த மாத்தா வாயைத் திறந்தார்.

"இத்து தாலி பாரு, சார்ஜன்."

மலாயில் தாலி என்றால் கயிறு, வார். பாரு என்றால் புதுசு. அந்த வார் புதுசு என்று சொல்கிறார். சார்ஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்னை யார் கேட்டது?" என்று சீறினார்.

"அன்னிக்கு நான் கட்டியிருந்ததைப் பார்க்கணும்னுதானே துவான் மாஜிஸ்திரேட் உத்தரவு? அன்னிக்கு இந்த வார் இல்லை" என்றார் மாத்தா. குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய தோல் வாரை எடுத்துவந்து இறக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். நைந்து, ஓரிடத்தில் அறுந்திருந்தது. மறுநாளே தானே புதுசு மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். கொடுத்த சாமானை ஒழுங்காக வைத்துக்கொள்ளாதது போலீஸ் வேலையில் சின்னக் குற்றமில்லை. அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

விசாரணை நாளில் கூண்டில் ஏறி அவர் அதையே சொன்னார். மாஜிஸ்திரேட் அந்த வாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்போது அறுந்தது? மோட்டார் வருவதற்கு முன்பா, பின்பா?"

மாத்தா அவர் கையிலிருந்த வாரைப் பார்த்தார். "பின்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இல்லையென்று சொல்ல அங்கே யாருமில்லை.

"அறுந்தது எனக்குத் தெரியலை, துவான். முதுகெல்லாம் மழையில நனைஞ்சிருந்தது. ரிக்‌ஷா விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பத்தான் இறக்கை கீழே தொங்கி என் காலில் இடிச்சது. கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடினேன்."

அவர் தோளுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தது ஏன் என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. வழக்கு தள்ளுபடியானது.

வெளியே மரத்தடியில் அவர் தனியாக நின்றிருந்தார். போய் எதிரில் நின்றேன். கையைக்கூடப் பிடிக்கத் தோன்றவில்லை. அவர்தான் முதலில் கேட்டார்.

"ரிக்‌ஷாக்காரன் கால் எப்படி இருக்கு?"

"நடக்கறாரு. நேத்து போய்ப் பாத்தேன்."

"நல்லது. நான் நிறுத்தத்தான் நின்னேன். உன் கண்ணுக்குத் தெரியலைன்னா நீ என்ன செய்வே?" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "தாலி பாரு" என்ற இடம் வந்ததும் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என் தாலியையா பாக்கச் சொன்னாரு அந்த மகராசன்?" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் அந்தச் சந்தியில் வேறு ஒருவர் நின்றிருந்தார். விசாரித்தேன். பழையவரைக் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் தோட்டத்துத் துணிகளை இறக்கியதும் நேரே துறைமுகத்துக்கு ஓட்டினேன். கிடங்குகளுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றிருந்தார். என்னால்தான் அவருக்கு இந்த நிலை என்று சொல்லத் தொடங்கினேன். அவர் விடவில்லை.

"இங்கே கடல் காத்து வருது, மீன் மலிவா கிடைக்குது. என் பெண்டாட்டிக்குச் சந்தோஷம். நீ போய்ப் பசியாறு லா."

அப்படித் தொடங்கியது எங்கள் சினேகம். அதன் பிறகு நான் அவரை அபாங், அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். கிள்ளானுக்குப் போகிற நாளெல்லாம் துறைமுகத்தில் ஒரு சீனர் கோப்பிக் கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். அவர் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றி, உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பார். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்குப் பலகாரம் வரும். தீபாவளிக்கு அவரும் அவர் மனைவியும் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வருவார்கள். வாசலில் அவர் தலையைக் கண்டதும் என் மனைவி, "அண்ணே, தாலி பாரு!" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டுவாள். அதன் தமிழ் அர்த்தத்தை நான் ஒருதரம் அவருக்கு விளக்கிச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வருடமும் அதே பேச்சு, அதே சிரிப்பு. கோலாலம்பூர் இன்று எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனால் எனக்கு அந்த ஊர் என்றால் அந்தத் தீபாவளிகள்தான்.

பிறகு சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான். கிள்ளானுக்குப் போகும் வழியே இல்லாமல் போயிற்று. எல்லாம் அடங்கிய பிறகு தேடிப் போனேன். துறைமுகத்தில் அவரைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. வடக்கே சொந்தக் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். இல்லை என்று இன்னொருவர் சொன்னார். அவரை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

முதலாளி சொன்னபடி அன்றைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்திருந்தால், என்மேல் வழக்குப் போட்ட எவனோ ஒரு மாத்தா என்று அவரைத் திட்டிக்கொண்டே என் ஆயுசு கழிந்திருக்கும்.