ஏரிக்கும் அணைக்கும் ஒரே ஓடம்

என் தங்கை புருஷனுக்கு ஓடம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். எனக்கு நீச்சல் தெரியாது, மீன் பிடிக்கத் தெரியாது. திருவண்ணாமலை தேரடி வீதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டால், எனக்குக் காற்றடிக்கத் தெரியும், பஞ்சர் ஒட்டத் தெரியும் என்பதுதான் பதில். அந்த இரண்டு வித்தைகளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனைத் தண்ணீருக்கு அனுப்பினேன். அவர் திரும்பி வரவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. மாப்பிள்ளை வேங்கிக்கால் ஏரியில் தூண்டில் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். இன்று ஆபீசும் புது வீடுகளுமாக இருக்கிற பக்கம் அப்போது வயலும் கரம்புமாக இருந்தது. ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை விரால், கெளுத்தி. வெயில் காலத்தில் ஏரி வற்றிவிட்டால் சாத்தனூர் அணைக்குப் பஸ் ஏறுவார். அங்கே ஆழத்தில் வாளையும் கட்லாவும் உண்டு. அணைக்குக் கீழே ஆற்றில் பாறை இடுக்குகளில் கெண்டை. எல்லா இடத்திலும் கரையில் இருந்தபடியே தூண்டில் வீசுவார், அல்லது மார்பளவு தண்ணீரில் நிற்பார். பெரிய மீன் எல்லாம் அவருக்கு எட்டாத தூரத்தில்தான் துள்ளும்.

"மூணு எடத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரே ஒரு ஓடம் போதும் மச்சான். இப்டி கரையிலயே குந்திக்கினு எத்தினி நாளுதான் வேடிக்க பார்க்கறது" என்று ஒருநாள் கடையில் வந்து உட்கார்ந்தார்.

கேட்க ஒரு வரிதான். யோசித்துப் பார்த்தால் தலை சுற்றும். ஏரியில் ஆழம் இல்லை, ஆனால் உள்ளே முழுக்கக் கருவேல மரம் நட்டு வளர்த்து, ஏலம் விட்டு வெட்டியிருந்தார்கள். வெட்டிய கட்டைகள் தண்ணீருக்கு அடியில் குத்திட்டு நிற்கும். அணையில் கட்டை கிடையாது, ஆனால் மத்தியானம் ஆனால் காற்று கிளம்பி அலை அடிக்கும். ஆற்றில் இழுப்பும் பாறையும். இதெல்லாம் போதாதென்று, ஓடம் பஸ்ஸின் மேலே ஏறியாக வேண்டும். ஏரிக்கும் அணைக்கும் நடுவே சுமந்துகொண்டு போக நம்மிடம் என்ன யானையா இருந்தது?

கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய பலகைப் படகு தருவதாகச் சொன்னார். நாலு பேர் தூக்கினாலும் அசையாது என்று தெரிந்ததும் அதைக் கைகழுவினோம். அடுத்து, அணையோரம் பரிசல் கட்டுகிறவர்களிடம் போனோம். மூங்கிலைக் கூடை மாதிரி பின்னி, வெளியே சாக்கு சுற்றித் தார் பூசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒன்றில் ஏறித் துடுப்புப் போட்டார். அது முதலில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அப்புறம்தான் நகர்ந்தது. நான் கரையில் நின்று சிரித்தேன்.

"என்னா மாப்ள, மீன் புடிக்கப் போறீங்களா, ராட்டினம் சுத்தப் போறீங்களா?"

"சுத்துனா சுத்தட்டும் மச்சான். இது ஓட்டையானா நமக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். கால்ல ஈரம் படும். துணிய வெச்சி அடச்சிட்டு கரைக்கு வந்துடலாம்."

அவருக்கு அது பிடித்துவிட்டது. தடவித் தடவிப் பார்த்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இந்தக் கூடையை எந்த கண்டக்டர் பஸ் மேலே ஏற்றுவான், ஏரிக் கட்டையில் இடித்தால் சாக்கு கிழியாதா, வருஷா வருஷம் தார் பூசுவது யார் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்காகப் பேசவில்லை. என் மனதில் வேறொரு ஓடம் ஏற்கெனவே உருவாகியிருந்தது, அது என் கையால் செய்யப்படும் ஓடம்.

இரண்டு லாரி டியூப். மேலே மூங்கில் சட்டம். நடுவில் கட்டிலுக்குப் பின்னுகிற மாதிரி கயிற்றுப் பின்னல். காற்றை இறக்கினால் டியூப் கோணிப்பைக்குள் அடங்கிவிடும், மூங்கிலைக் கட்டாகக் கட்டி பஸ் மேலே போட்டுவிடலாம். போன இடத்தில் என் கடை பம்ப்பால் காற்றடித்துக்கொள்ளலாம். ஏரி, அணை, ஆறு, பஸ் நாலுக்கும் பொருந்தும் என்று அவர் தலையில் கட்டினேன். மைத்துனன் இவ்வளவு சொல்லும்போது மறுக்கக் கூடாது என்று அவர் ஒத்துக்கொண்டார். அந்த மரியாதையை இன்று நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அவர்.

டியூப் கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரி டயர் கடை வைத்திருந்த பாய். அப்பா காலத்திலிருந்து அதே இடம். வேகாத பச்சை ரப்பரை வைத்து, இரும்புப் பிடியில் இறுக்கி, சூடு வைத்து ஒட்டுவார். அவர் ஒட்டினால் ஒட்டுத் துண்டும் டியூபும் ஒன்றாகிவிடும். "தண்ணிக்குப் போற டியூபு. கிழிஞ்சா எங்கிட்டயே கொண்டாந்துடுங்க. சைக்கிள் ஒட்டு இதுக்குத் தாங்காது" என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார்.

ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ஓடம் ஏரியில் நன்றாகத்தான் மிதந்தது. மாப்பிள்ளை நடு ஏரிக்குப் போய் கை நீள விரால்களோடு வருவார். தங்கை வீட்டில் குழம்பு வாசனை தினமும் வந்தது. கடைக்கு வருகிற எல்லோரிடமும் நானே செய்தது என்று பீற்றிக்கொண்டேன். கருவேல முள் குத்திய இரண்டு மூன்று முறையும் டியூபைப் பாயிடம் கொண்டுபோய்ச் சூடு வைத்து ஒட்டி வாங்கினேன். கொண்டுபோய்க் கொடுப்பதும் வாங்கி வருவதும் என் வேலை.

சித்திரையில் ஏரி வற்றியது. கட்டைகள் வெளியே தலைகாட்ட ஆரம்பித்த நாளில் ஒரு டியூப் மறுபடி கிழிந்தது. மாப்பிள்ளை அதை என் கடையில் போட்டுவிட்டு, சனிக்கிழமை விடியக் கிளம்பி முதல் பஸ்ஸில் அணைக்குப் போவதாகச் சொன்னார். சனிக்கிழமை சித்ரா பௌர்ணமி. வெள்ளிக்கிழமையே ஊர் நிரம்பிவிட்டது. என் சைக்கிள்கள் ஒன்றுகூட நிற்கவில்லை, போனதெல்லாம் பஞ்சராகித் திரும்பி வந்துகொண்டிருந்தது. மத்தியானம் நேரம் கிடைத்து டியூபைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பாய் கடை சாத்தியிருந்தது. ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்.

அரை மணி நேரம் காத்திருந்தால் வந்திருப்பார். நான் காத்திருக்கவில்லை. கடைக்குத் திரும்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, சைக்கிள் ஒட்டையே இரண்டு மடங்கு பெரிதாக வெட்டி ஒட்டினேன். தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. நம் கை சாதாரணக் கையா என்று ஒரு நினைப்பு வந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து டியூபை உருட்டிப் பார்த்தார்.

"பாய்தான ஒட்டுனாரு?"

"பாய்தான்" என்றேன்.

இல்லை என்று சொன்னால், சரி மச்சான், பாயிடம் ஒருதரம் காட்டிவிடலாம் என்பார். அதற்கு மறுபடி ஓட வேண்டும். வாசலில் ஏழெட்டுப் பேர் சைக்கிளுக்கு நின்றார்கள். இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

மறுநாள் சாயங்காலம் சாத்தனூர் பஸ் கண்டக்டர் கடையைத் தேடி வந்து சொன்னார். பரிசல்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். காலையில் டியூபைத் திண்ணென்று காற்றடித்து, வெயிலில் காய்ந்த பாறை மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்புறம் உள்ளே போயிருக்கிறார். மத்தியானம் காற்று கிளம்பியிருக்கிறது. திடீரென்று ஒரு பக்கம் மட்டும் அமுங்கி, சட்டம் அப்படியே கவிழ்ந்துவிட்டது. அவருக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். ஆனால் முப்பது நாற்பது தூண்டில் முள் கட்டிய நீளக் கயிறு மடியில் இருந்தது. அது அவரைச் சுற்றிக்கொண்டது. முதலை இழுத்துவிட்டது என்றுகூட ஊரில் சொன்னார்கள். மூன்றாம் நாள் உடம்பு கிடைத்தபோது அதெல்லாம் இல்லை என்று தெரிந்தது. தூண்டில் முள்தான் எங்கும் தைத்திருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

டியூப் கரையில் கிடந்தது. நான் வைத்த ஒட்டு வெயிலில் இளகி, பாதி பெயர்ந்து தொங்கியது. சூடு வைத்த ஒட்டு எது, சைக்கிள் ஒட்டு எது என்று தொழில் தெரிந்தவனுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். யாரும் பார்க்காதபோது அதைப் பிய்த்துத் தண்ணீரில் எறிந்தேன்.

தங்கை மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது ஒன்றையே சொன்னாள்: "பாய் ஒட்டுனாரு, பயமில்லன்னு சொல்லிட்டுப் போனாரே." எட்டாம் நாள் அவள் தலைவிரிகோலமாகப் போய் பாய் கடை முன்னால் நின்றாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "எந் தாலிய அறுத்துட்டியே பாவி" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அவளை இழுத்துவர நான்தான் போனேன். பாய் கையில் இருந்த நெம்புகோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"தெனம் பத்து டியூபு ஒட்றேம்மா. எது எப்ப ஒட்டுனேன்னு ஞாபகம் வரல" என்றவர், என் பக்கம் திரும்பி, "நீங்கதான கொண்டாந்தீங்க?" என்று கேட்டார்.

கேள்வியில் சந்தேகம் இல்லை. நிஜமாகவே ஞாபகம் வராமல்தான் கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"ஆமா பாய்" என்றேன்.

"அப்ப எங்கையிலதான் தப்பு நடந்திருக்கு. மன்னிச்சிடும்மா" என்று தங்கை முன்னால் கும்பிட்டார். அன்றிலிருந்து அவர் தண்ணீருக்குப் போகிற டியூப் எதையும் ஒட்டவில்லை. கேட்டு வருகிறவர்களிடம் காரணத்தையும் தானே சொல்லி அனுப்புவார். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் தங்கை வீட்டுக்கு அரிசியும் துணியும் போகும். அவள் முதல் வருஷம் திருப்பி அனுப்பினாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதென்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். இப்படி ஆறேழு வருஷம் போனது. கோழைக்குக் காலம் சீக்கிரம் போகும்.

பாய் இறந்தபோது கபர்ஸ்தானுக்குப் போனேன். எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன்.

அதற்கு எட்டு மாதம் கழித்து தங்கை என் கடைக்கு வந்தாள். புருஷன் போனதிலிருந்து அவளே ஏரிக்கரையில் தூண்டில் போட்டு, மீனைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் ஏரி நிரம்பி வழிந்து கோடி போயிருந்தது.

"ஒரு ஓடம் வாங்கலாம்னு இருக்கேண்ணா. ஏரிக்கும் ஆவணும், ஏரி வத்துனா அணைக்கும் ஆவணும். எது நல்லதுன்னு நீதான் சொல்லணும்" என்றாள்.

"பரிசல் வாங்கு" என்றேன். யோசிக்கவே இல்லை.

"ஏன், கட்டையில கிழிஞ்சிடாதா?"

"கிழிஞ்சாலும் கொஞ்சங் கொஞ்சமாத்தான் தண்ணி ஏறும். கரைக்கு வந்துடலாம்."

"இவ்ளோ தெரிஞ்சவன் அவருக்கு ஏன் சொல்லல?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை, சாத்தின கடை, சைக்கிள் ஒட்டு, அவர் கேட்டது, நான் சொன்னது, கரையில் பிய்த்து எறிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் அழவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பாய்கிட்ட சொன்னியா?"

"இல்ல" என்றேன்.

"நடுத்தெருவுல மண்ண வாரித் தூத்துனவ நானு" என்றாள். எழுந்து போய்விட்டாள். பரிசலை அவளே அணைக்குப் போய்ப் பார்த்து வாங்கிக்கொண்டாள் என்று பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.